வாடகைக் காது

எச்சில் தொட்டுத் தபால்தலை ஒட்டுகிறவரைப் போல, சுகிர்தாவின் காதுக்குப் பின்னால் அந்த வில்லையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார் பஷீர்.

“ஜில்லுன்னு இருக்கு பாய்.”

“இருக்கட்டும். சாப்பிட்டியா? இல்லேன்னா சம்பந்தி எழுதுவார்.”

“தயிர்சாதம். செருப்பும் மாத்திட்டேன். வேற என்ன குறை வைக்கப்போறாராம்?”

சம்பந்தி என்பது அவர்கள் இருவரும் வாடிக்கையாளருக்கு வைத்த பெயர். நிஜப் பெயர் இருவருக்குமே தெரியாது. ஒவ்வொரு கச்சேரிக்கும் மறுநாள் அவரிடமிருந்து ஒரு வரி வரும். மாப்பிள்ளை வீட்டார் வாழைக்காய்ப் பொரியலில் உப்பு பார்ப்பதைப் போல ஒரு வரி. ‘இரண்டாம் பகுதியில் உங்களுக்குப் பசித்தது. எனக்கும் பசித்தது. இனி சாப்பிட்டுவிட்டு வரவும்.’ ‘வலது செருப்பு கடிக்கிறது. மாற்றவும்.’

வேன் கொட்டிவாக்கம் கடலோரத்து இசையரங்கின் அடித்தள நிறுத்தத்தில் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேலே வெளிநாட்டிலிருந்து வந்த எழுபது பேர் வாத்தியங்களைச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் ஆளுயரப் பதாகை: ‘முழுக்க முழுக்க ஹால்விக்.’ நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ பனி பெய்கிற ஊரில் வாழ்ந்து, மூன்றே மூன்று சிம்பனி எழுதி, மூன்றாவதைத் தன் காதால் கேட்காமலே செத்துப்போன ஆள்.

தொழிலில் சுகிர்தாவுக்குப் பெயர் ‘காது’. “நாளைக்கு மயிலாப்பூருக்கு ரெண்டு காது அனுப்பு” என்றுதான் ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். கச்சேரிக்கு வர முடியாதவர்களுக்காக, வந்தாலும் கேட்க முடியாதவர்களுக்காக, காது போய் உட்கார்ந்து கேட்கும். கேட்டதெல்லாம் மூளையில் ஈரமாகவே நிற்கும். அரங்குக்குள் நுழைந்ததும் வில்லை விழித்துக்கொண்டு, அதைக் காய விடாமல் பார்த்துக்கொள்ளும். முடிந்து வேனுக்கு வந்ததும் பஷீர் அதை அப்படியே உருவி அனுப்பிவிடுவார். வாடிக்கையாளருக்கு அது தானே நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்த கச்சேரியாக மனசில் நிற்கும். சுகிர்தாவுக்கோ, அரங்க வாசல் வரை ஞாபகம் இருக்கும். அடுத்தது வில்லை பிரித்தது. நடுவில் ஒன்றும் கிடையாது.

சேர்ந்த புதிதில் அவள் கேட்டாள், “நகல் எடுத்து அவருக்குக் குடுத்துட்டு, எனக்கும் விட்டு வச்சா என்ன பாய்?”

“முதல்ல அப்படித்தான் பண்ணாங்க. அடையாறுல ஒரு ஆடிட்டர், அவரோட காது ஒரு பொம்பளை. ரெண்டு பேர் தலையிலயும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. ஆறு மாசத்துல ஆடிட்டர் தூக்கத்துல அந்தப் பொம்பளையோட பையன் பேரைச் சொல்லி அழறாரு. இந்தம்மா போய் ஆடிட்டர் வீட்டுக் கதவைத் தட்டி, ‘என் வீடு, திற’ங்குது. கோர்ட்டுக்குப் போச்சு. ஒரு ஞாபகத்துக்கு ஒரு சொந்தக்காரர்தான்னு சட்டம் போட்டுட்டான்.”

அதோடு நின்றதா? வாடிக்கையாளர்கள் வாங்குவது முதல்முறை கேட்கும் சிலிர்ப்பை. ஏற்கெனவே கேட்ட காது அவர்களுக்குக் கடித்த மாம்பழம். அதனால் காதுகள் வெளியே எங்கும் இசை கேட்கக் கூடாது. கேட்டால் வில்லை காட்டிக்கொடுத்துவிடும். சுகிர்தா வீட்டில் ரேடியோ இல்லை. கல்யாணங்களில் மேளக்காரர்கள் உறையைப் பிரிப்பதற்குள் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவாள். கோயிலுக்குப் போவதையும் விட்டாயிற்று. பாட்டு இல்லாத ஆராதனைக்கு எங்கே போவது? பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் பாடியவள், மூன்று வருஷமாக ஒரு பாட்டைக் கூட மனசில் வைத்துக்கொள்ளாமல் வேளச்சேரியில் ஓர் அறையில் குடியிருந்தாள்.

“பாய், ஒண்ணு கேக்கட்டா?”

“வேணாம்.”

“கேக்கவே இல்லையே இன்னும்.”

“ஒரு மாசமா இதே மூஞ்சியோடதான் வர்றே. மூணாவது சிம்பனி. அதானே?”

அதேதான். அவளுக்குப் பத்தொன்பது வயதில், கோயிலில் காணிக்கைப் பை சுற்றி வரும் நேரத்தில் ஆர்கன் வாசிக்கும் ஜோயல், பாட்டுப் புத்தகத்தில் இல்லாத நாலு வரி ஒன்றை வாசிப்பார். என்ன அது என்று ஒரு நாள் கேட்டாள். ‘ஹால்விக். மூணாவது சிம்பனி. இந்த நாலு வரி முடிஞ்சதும் எல்லாரும் வாசிக்கிறதை நிறுத்திருவாங்க. ஒரு சத்தம் இருக்காது. அதுக்கு அப்புறம் வாரதுதான் பாட்டே.’ அது எப்படி இருக்கும் என்றாள். ‘ஆர்கன்ல வராது, நேர்ல கேக்கணும்’ என்றார். அந்த வருஷமே கப்பலில் வாசிக்கிற வேலை கிடைத்துப் போனவர் திரும்பவில்லை. கேட்டால் நேரில்தான் என்று அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். பிறகு இந்த வேலை.

“அந்த அமைதிக்கு அப்புறம் வர்ற அஞ்சு நிமிஷம். அதை மட்டும் என்கிட்ட விட்டுட்டு மிச்சத்தை உருவுங்க. சம்பந்திக்குத் தெரியவா போகுது?”

“தெரியும். உனக்குப் பசிச்சதையே கண்டுபிடிச்ச மனுஷன்.” பஷீர் வேனின் கதவைத் திறந்துவிட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “போ. இன்னிக்கு ஸ்டேஷன் கீஷன் எதுவும் சொல்லாம, உனக்காகக் கேட்டுப் பாரேன்” என்றார்.

“என்ன பாய், விளையாடுதீயளா? அப்புறம் அதுக்கும் ஒரு வரி எழுதுவாரு.”

ஸ்டேஷன் விஷயம் இதுதான். போன வருஷம் ஒரு கச்சேரிக்கு மறுநாள் சம்பந்தி எழுதியிருந்தார்: ‘நேற்று நீங்கள் யாரையோ நினைத்தீர்கள். அது என் விஷயம் அல்ல. அடுத்த முறை வேண்டாம்.’ யாரை நினைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதுவும் கச்சேரியோடு சேர்ந்து அவரிடம் போய்விட்டது. ஆனால் உடம்பு கூசியது. குளியலறைக் கதவைத் தாழிட மறந்தவளின் கூச்சம். அன்றிலிருந்து, காதைத் திறந்து வைத்துவிட்டு மனசைப் பூட்டிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தாள். நெல்லையிலிருந்து எழும்பூர் வரை ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாக உள்ளே ஓட்டுவது. வந்து சேர்ந்ததும் மறுபடி நெல்லை. சம்பந்தி அதற்கும் எழுதினார்: ‘நன்று.’ ஒரே ஒரு சொல்.

அந்த ‘நன்று’ மேல் அவளுக்குப் பெருமை. ஊரில் இருக்கிற காதுகளிலேயே சுத்தமான காது அவளுடையது என்று ஆபீஸில் சொன்னார்கள்.

அரங்கில் அவளுக்கு நடுவரிசை. முன்னால் ஒரு வழுக்கைத் தலை. பக்கத்தில் ஓர் அம்மாள், கர்னாடகக் கச்சேரிப் பழக்கத்தில், மேடையில் வெள்ளைக்கார நடத்துநர் கையைத் தூக்குவதற்கு முன்பே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். சுகிர்தா கைகளை மடியில் வைத்து, மூச்சை இறக்கி, ஆரம்பித்தாள். திருநெல்வேலி. மணியாச்சி. கோவில்பட்டி. சாத்தூர்.

முதல் உருப்படி போயிற்று. வயலின் தனிக்கச்சேரியாக இரண்டாவது வந்து, அதுவும் போயிற்று. கூட்டம் கைதட்டிய போது அவள் கொடைரோட்டில் இருந்தாள். இடைவேளையில் எழவில்லை, எழுந்தால் யாராவது பேசுவார்கள், பேச்சும் சம்பந்திக்குப் போகும்.

பிறகு மூன்றாவது சிம்பனி.

சத்தம் பெரிதாக வந்து, சிறிதாகிப் போய், மறுபடி பெரிதாக வந்தது. குழாய்க்குள் தண்ணீர் போவதைப் போல அவளுக்குள் போயிற்று. குழாய்க்குத் தாகம் கிடையாது. இரண்டாம் பகுதி ஆரம்பித்துச் சற்று நேரத்தில் அந்த நாலு வரி வந்தது.

ஆர்கனில் கேட்டது. காணிக்கைப் பையின் வெல்வெட், சில்லறைச் சத்தம், முன்னால் குனிந்த ஒரு முதுகு, கழுத்தில் வெட்டிய முடி. கதவு திறக்கப் பார்த்தது. சுகிர்தா ஓடிப்போய் முதுகால் சாத்திக்கொண்டாள். இது வேண்டாம். இது அவருக்குப் போகக் கூடாது. பாட்டுதான் போய்த் தொலைகிறது, இதாவது என்னிடம் இருக்கட்டும். திருச்சி அரியலூர் விருத்தாசலம் விழுப்புரம். நிற்காத எக்ஸ்பிரஸாக ஓட்டினாள்.

நாலு வரி முடிந்தது. எழுபது பேரும் நிறுத்தினார்கள். வில்கள் அந்தரத்தில் நின்றன. நடத்துநரின் கை உயர்ந்தபடியே இருந்தது, வெள்ளைக் கைமடிப்பு ஓர் அங்குலம் வெளியே தெரிய. இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு பேர் மூச்சை நிறுத்துவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, ரயிலை நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள்.

மாடியில் ஒருவர் கைதட்டினார்.

முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு சபா நாகரிகம் தெரிந்த சென்னை முழுவதும். நாம் பின்தங்கிவிடக் கூடாது பாருங்கள். பக்கத்து அம்மாள் “பேஷ்!” என்றார். நடத்துநரின் முதுகு விறைத்தது. கை கைதட்டலுக்கு நடுவிலேயே கீழே இறங்கியது. ஏதோ ஆரம்பித்தது. அதற்குள் சுகிர்தா தாம்பரம் தாண்டிவிட்டாள்.

கீழே வேனில் பஷீர் வில்லையைப் பிரித்து, மடித்து, டீக் குடித்த காகிதக் கோப்பைக்குள் போட்டார்.

சுகிர்தா கண்ணை மூடிக் காத்திருந்தாள். உருவும்போது நெற்றிக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு வரும். வரவில்லை.

“என்ன பாய், மிஷின் மக்கர் பண்ணுதா?”

“மிஷினே போடல. கண்ணைத் திற.” பஷீர் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு ஒளித்து வைத்த பொம்மையை எடுக்கிற அப்பாவின் சிரிப்பு. “இன்னிக்கு ஒட்டினது வெறும் ஸ்டிக்கர்மா. சம்பந்தி நேத்தே சொல்லிட்டாரு, இந்தக் கச்சேரி எனக்கு வேணாம், அந்தம்மா வச்சுக்கட்டும்னு. உன்கிட்டே சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு. ‘சொன்னா நன்றியோட உக்காந்திருப்பாங்க, பாட்டைக் கேக்க மாட்டாங்க’ன்னாரு. எப்படி இருந்துச்சு உன் மூணாவது?”

சுகிர்தா வாயைத் திறந்தாள். உள்ளே போய்த் தேடினாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அந்த இடத்தில் ஒரு பிற்பகல் இருந்தது. முழுசாக. வழுக்கைத் தலை இருந்தது. கைமடிப்பு இருந்தது. ‘பேஷ்’ இருந்தது. கைதட்டல் அட்சரம் பிசகாமல் இருந்தது. நாலு வரிக்கு அப்பால் செங்கல்பட்டு இருந்தது.

“சொல்லும்மா.”

“நல்லா இருந்துச்சு பாய்” என்றாள்.

“அழாதே. அழற அளவுக்கு இருந்துச்சா? மேல காண்டீன்ல உக்காந்திருக்காரு. உன்னைப் பாக்கணுமாம். சட்டப்படி தப்பு. நான் எதையும் பாக்கல, டீ குடிக்கப் போயிட்டேன்.”

காண்டீனில் கூட்டம் வடைக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்த மூலையில், இரண்டு காபியை வாங்கி ஒன்றின் மேல் சாஸரைக் கவிழ்த்து மூடி வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடது தாடைக்குக் கீழே காய்த்துப்போன ஒரு தழும்பு. மேசையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை. அவள் நாற்காலியை இழுத்ததும் அதில் எழுத்து ஓடியது: ‘நாற்காலி.’

“வாங்க வாங்க, சுகிர்தா. நான் ஆராவமுதன்.” தன் குரலின் அளவு தெரியாமல் உரக்கப் பேசினார், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். “காபி ஆறிப்போச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது. இந்த ஊர் சிம்பனிக் குழுவில வயோலா, வயலினோட அண்ணன், அதை வாசிச்சிட்டிருந்தேன். ஒரு காய்ச்சல், பத்து நாள், ரெண்டு காதும் போச்சு. நீங்க பேசுறது இந்தக் கண்ணாடியில எழுத்தா வரும். சுத்தியிருக்கிற சத்தமும் வரும், அதைக் கண்டுக்காதீங்க.”

சுகிர்தா தலையை ஆட்டினாள். இவரா! சினிமாவில் வருகிற வில்லன் போல ஒரு முகத்தை இத்தனை நாள் மாட்டி வைத்திருந்தாள். இவர் சட்டையின் மேல் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார்.

“முதல்ல ஒரு மன்னிப்பு” என்றார். “யாரையோ நினைச்சீங்கன்னு எழுதினேன் பாருங்க, அது பொறாமையில எழுதினது. எனக்கு அப்படி நினைக்க ஆள் இல்ல.”

“யாரை நினைச்சேன்?”

எழுத்தைப் படித்துவிட்டு அவர் தயங்கினார். “ஒரு ஆர்கன். அதுக்கு முன்னாடி முதுகு காட்டி உக்காந்த ஒருத்தர். மூஞ்சி தெரியல.”

“மூஞ்சி எனக்கும் மறந்துட்டு” என்றாள் சுகிர்தா.

அவர் மூடியிருந்த சாஸரை எடுத்துவிட்டு, காபியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இத்தனை கச்சேரி உங்க காதால கேட்டேன். எல்லாம் இங்கே இருக்கு.” நெற்றியைத் தட்டிக்கொண்டார். “ஆனா அதைப் பத்திப் பேச ஒரு ஆள் கிடையாது. என் தங்கச்சிகிட்ட சொன்னா, ‘சரிண்ணா, சாப்பிட வா’ங்கறா. கூட இருந்து கேட்டது உலகத்துலேயே நீங்க ஒருத்தர். உங்களுக்கோ ஞாபகம் இல்ல. பெரிய கல்யாண மண்டபத்துல ஒத்தை இலை போட்டு உக்காந்து சாப்பிடற மாதிரி ஆயிடுச்சு எனக்கு. ஐயோ, அந்தப் பாயசம் எப்படின்னு கேக்க பக்கத்துல ஒருத்தர் வேணாமா? அதான் இன்னிக்கு உங்களுக்கு விட்டேன். நீங்க சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க, நான் கேக்கறேன். போதும் எனக்கு.”

“இந்த மூணாவதை நீங்க வாசிச்சது உண்டா?”

“இந்த ஊர்ல ஹால்விக் யார் வாசிச்சா? நீங்க சொல்லுங்க. நடுவிலேயே எல்லாரும் கைதட்டிட்டாங்களாமே, காண்டீன்காரர் சொல்லிச் சிரிக்கறார். அந்த அமைதிக்கு அப்புறம் என்ன வந்தது?”

நான் கேட்கவில்லை ஐயா. நீங்கள் ‘நன்று’ என்று எழுதினீர்களே, அதையேதான் இன்றைக்கும் செய்தேன். உங்களுக்காக மூடி வைத்த கதவு எனக்கும் திறக்கவில்லை. எழுபது பேர் கடல் கடந்து வந்து வாசித்ததை, இந்த ஊரில் நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதெல்லாம் தொண்டை வரை வந்தது. கண்ணாடிப் பலகை ஓர் எழுத்தும் இல்லாமல் வெளிச்சமாகக் காத்திருந்தது. அதன் மேல் குனிந்து அவரும் காத்திருந்தார். எச்சில் விழுங்கினார். பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தவரின் முகம்.

“ஒரு புல்லாங்குழல்” என்றாள் சுகிர்தா.

எழுத்து ஓடியது. மேசை விளிம்பில் தாளம் போலத் தட்டிக்கொண்டிருந்த அவருடைய இடது கை விரல்கள் நின்றன.

“தனியாவா?”

“தனியாத்தான்.”

“ம்.”

கையில் வடைத் தட்டோடு இரண்டு பெண்கள் அவர்கள் மேசையை உரசிக்கொண்டு போனார்கள். “பாதியைக் கைதட்டியே கெடுத்துட்டாங்கடி” என்றாள் ஒருத்தி. “அந்த அமைதிக்கு அப்புறம் வயோலா எல்லாம் சேர்ந்து அடியில மெதுவா எடுத்தாங்களே, கேட்டியா? அதுக்குத்தான் நான் இவ்ளோ தூரம் வந்ததே.”

கண்ணாடிப் பலகைக்குப் பாகுபாடு தெரியாது. ‘அந்த அமைதிக்கு அப்புறம் வயோலா எல்லாம் சேர்ந்து’ என்று அத்தனையும் இருவருக்கும் நடுவில் ஓடி, நின்றது.

சுகிர்தா அதைப் படித்தாள். அவர் படிப்பதையும் பார்த்தாள். முகம் சுடச்சுட எழுந்துகொண்டாள்.

ஆராவமுதன் கட்டைவிரலால் அந்த வரியைத் துடைத்தார். காபியைத் தள்ளி வைத்துவிட்டு முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டார்.

“புல்லாங்குழல்” என்றார், இந்த முறை மெதுவாக. “சொல்லுங்க. அப்புறம்?”

அவள் நாற்காலியை இழுத்து மறுபடி உட்கார்ந்தாள்.

“கொஞ்ச தூரம் அது தனியாவே போச்சு. யாராவது கூட வருவாங்களான்னு நின்னு நின்னு பார்த்துக்கிட்டு.”

அவர் எழுத்தை முழுதும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“வந்தாங்களா?”